சரக்கு கெட்டுப் போகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

காய்கறி, பழம், பால், பலசரக்கு எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்து விற்கிற நெல்லைப் பக்கத்துச் சின்னக் கடைகளுக்காக இதை எழுதுகிறேன். விடியற்காலையில் நயினார்குளம் சந்தைக்கோ பாவூர்சத்திரத்துக்கோ போய்ச் சரக்கு எடுத்து, பகல் முழுக்க நின்று விற்று, ராத்திரி கடை அடைக்கும்போது கழித்துப் போட்ட கூடையைப் பார்த்தால் வயிறு எரியும். இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே கேட்கிற முதல் கேள்வி, "அண்ணாச்சி, பெரிய ஃப்ரிட்ஜா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா சரியாயிருமா?" என்பதுதான். நான் பார்த்தவரை பெரும்பாலான கடைகளில் ஆகாது. தேவைக்கு மேல் வாங்கியிருப்பார்கள், பழைய சரக்குக்கு முன்னால் புதுசை அடுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் சேர்க்கக் கூடாத இரண்டைச் சேர்த்து வைத்திருப்பார்கள். இந்த மூன்றையும் சரிசெய்யப் பைசா செலவில்லை. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், காசு கேட்கிறதைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள், நடுவில் தாண்டாதீர்கள்.

## எதற்கும் முன்னால்: ஒரு வாரம் கழிவு நோட்டு

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கழித்துப் போடுகிற ஒவ்வொன்றையும் தராசில் வைத்துவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும். பொருள், எடை, கடைக்கு வந்த நாள், எப்படிக் கெட்டது, இந்த நான்கையும் எழுதுங்கள். நாலாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அது இல்லாவிட்டால் நோட்டு வீண். வாடினதா, அழுகினதா, நசுங்கினதா, முளைத்ததா, வண்டா, புளிப்பா, தேதி முடிந்ததா என்று ஒரு வார்த்தை இருக்க வேண்டும், ஏனென்றால் வாடலுக்கு ஈரம் காட்ட வேண்டும், அழுகலுக்கு ஈரத்தை எடுக்க வேண்டும், மாற்றிச் செய்தால் கழிவு இன்னும் கூடும்.

கழிவு எவ்வளவு தின்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. கிலோ 30 ரூபாய்க்கு 20 கிலோ கத்தரிக்காய் எடுத்தால் 600 ரூபாய். அதில் 5 கிலோ கழிந்துவிட்டால், மீதி 15 கிலோவுக்கு அடக்க விலை கிலோ 40 ரூபாய். நீங்கள் 38-க்கு விற்றுக்கொண்டு கிலோவுக்கு எட்டு ரூபாய் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் கைக்காசு போய்க்கொண்டிருக்கும்.

## அறிகுறி: காலையில் பச்சை, சாயங்காலம் துவண்டு கிடக்கிறது

கீரை, மல்லித்தழை, புதினா, வெண்டைக்காய், சீனியவரைக்காய் இதில் வரும்.

கட்டுக்கு நடுவில் சூடு இருக்கிறதா? சந்தையிலிருந்து வந்தவுடன் கீரைக்கட்டின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கட்டை அவிழ்த்து நிழலில் பரப்பிவிட வேண்டும், அதுவும் மற்ற சரக்கை அடுக்கும் முன்னால். இறுக்கிக் கட்டிக் குவித்து வைத்த பச்சைத்தழை தன் சூட்டிலேயே வேகும். வண்டியிலிருந்து இறக்கி அப்படியே மூலையில் போட்டுவிட்டு எட்டு மணிக்கு வந்து பிரித்தால் நடுவில் மஞ்சள் ஏறியிருக்கும், அதற்கு மேல் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் பலனில்லை.

ஃபேன் காற்று நேராகப் படுகிறதா, மத்தியானத்துக்கு மேல் வெயில் உள்ளே வருகிறதா? மேற்குப் பார்த்த கடை என்றால் இது கட்டாயம் இருக்கும். ஒரே கட்டிலிருந்து பாதியை வழக்கமான இடத்திலும், மீதியை உள்ளே ஈரச்சாக்கு மூடியும் வையுங்கள். நாலு மணிக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே இருந்தது நன்றாக இருந்தால் இடம்தான் கோளாறு. முன்னால் கொஞ்சமாக வைத்து, தீரத் தீர உள்ளேயிருந்து எடுத்து வையுங்கள். இரண்டும் துவண்டிருந்தால் வாங்கும்போதே பழசு என்று அர்த்தம், கொடுக்கிற ஆளை மாற்றுங்கள்.

தண்ணீர் எப்படித் தெளிக்கிறீர்கள்? சாக்கை நனைத்துப் பிழிந்து மூட வேண்டும். தண்டின் அடி மட்டும் தண்ணீரில் நிற்கலாம். வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து வைத்தால் ராத்திரிக்கு அழகாகத் தெரியும், மறுநாள் இலைக்கு நடுவில் வழுவழுவென்று நாற ஆரம்பித்துவிடும்.

இவ்வளவும் சரி, இன்னும் கழிகிறதா? அப்படியானால் கூடுதலாக வாங்குகிறீர்கள். கீரையை நேற்றுச் சாயங்காலம் வரை விற்றதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் எத்தனை கட்டு போனது என்று பார்த்து அந்த அளவுக்குக் கொஞ்சம் மேலே மட்டும் எடுங்கள். சாயங்கால வியாபாரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் யாராவது தோட்டத்திலிருந்து இன்னொரு தடவை கொண்டுவந்து தருவார், கேட்டுப் பாருங்கள்.

காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால், குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் செங்கல் தொட்டியை யோசியுங்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிக்கொடுத்த முறை அது: இரண்டு வரிசைச் செங்கல் சுவர், நடுவில் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு ஆற்றுமணல், காலையும் மாலையும் அந்த மணலை நனைக்க வேண்டும், மேலே மூடி. கரண்டே வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலிலும் வறண்ட காற்றடிக்கிற நாளிலும் நன்றாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலேயே ஈரம் நிற்பதால் குளிர்ச்சி வராது, அந்த மாதங்களில் அதை நம்பாதீர்கள்.

## அறிகுறி: தக்காளிக் கூடைக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது

ஏறக்குறைய எப்போதும் பாரம்தான் காரணம். கூடையோடு அப்படியே வைத்து மேலேயிருந்து அள்ளி விற்றால் அடித்தட்டு இரண்டாம் நாள் உடைந்துவிடும், உடைந்த ஒன்று பக்கத்தில் இருக்கிற பத்தையும் கெடுக்கும். வந்த அன்றே கவிழ்த்து மூன்றாகப் பிரியுங்கள்: இன்றைக்குப் போக வேண்டிய பழுத்தது, நாளைக்கான செங்காய், நாளை மறுநாளுக்கான காய். அகலமான டிரேயில் இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம், காம்புப் பக்கம் கீழே இருக்கட்டும். கழுவி வைக்காதீர்கள். கீறல் விழுந்ததைத் தனியாக எடுத்துப் பத்து மணிக்குள் பாதி விலைக்கு ஹோட்டலுக்குக் கொடுத்துவிடுங்கள். மத்தியானம் வரை வைத்திருந்தால் அந்தப் பாதி விலைக்கும் ஆள் வராது.

பிரித்து வைத்தும் அழுகினால் சந்தையில் மழையில் நனைந்த சரக்கை எடுத்திருக்கிறீர்கள். கூடைக்குள் கையை விட்டு அடியிலிருந்து இரண்டு பழம் எடுத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

## அறிகுறி: வாழைப்பழத்தில் கோளாறு

களக்காட்டு ஏத்தன், நாட்டுப்பழம், ரசகதலி எதுவானாலும் மூன்று விதமாகத்தான் படுத்தும்.

எல்லாத் தாரும் ஒரே நாளில் பழுத்துவிட்டது. ஒரே முற்றலில் எடுத்திருப்பீர்கள். அடுத்த தடவை ஒரு தார் பழுக்க ஆரம்பித்தது, ஒன்று பச்சை என்று கேட்டு வாங்குங்கள். அப்படி வாங்கியும் சேர்ந்தே பழுத்தால், பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும், அது பக்கத்துப் பச்சைத் தாரையும் பழுக்கவைக்கும். ஒன்றைக் கடைக்கு முன்னாலும் மற்றதைப் பின்வாசல் பக்கம் காற்றோட்டத்திலும் கட்டுங்கள்.

தொலி கருத்துவிட்டது. எப்படிக் கருத்திருக்கிறது என்று பாருங்கள். பழம் முழுக்க ஒரே மாதிரி மங்கலாகக் கருத்திருந்தால் குளிர். யாரோ ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைத்தொலி தாங்காது. திட்டுத்திட்டாகக் கருத்திருந்தால் வண்டியில் அடிபட்டது, தாருக்கு நடுவில் வாழைச்சருகோ வைக்கோலோ வைத்து ஏற்றச் சொல்லுங்கள். சீப்புக் காம்பிலிருந்து கருப்பு இறங்கி வந்தால் பூஞ்சைக் காம்பழுகல், சீப்பு வெட்டுகிற கத்தியைத் துடைத்துச் சுத்தமாக வைத்தால் பெரும்பாலும் குறையும். ரசகதலியில் வருகிற பொடிப்பொடிப் புள்ளி பழுத்ததற்கு அடையாளம், அதைக் கழிவில் சேர்க்காதீர்கள்.

நாலு நாளாகியும் பழுக்கவில்லை. முற்றாத காய். இதற்கு வேகமான வழி என்று யாராவது கார்பைடு கல்லைச் சொன்னால் காதில் வாங்காதீர்கள், அது சட்டப்படி தடை செய்யப்பட்டது, சாப்பிடுகிறவர் உடம்புக்கும் கேடு. அனுமதி இருப்பது எத்திலீன் வாயுவுக்குத்தான், அதுவும் பழுக்கவைக்கிற அறையில், 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவுக்குள். உங்களுக்கு அந்த அளவு வியாபாரம் இருந்தால் அறை வைத்திருக்கிற மொத்த வியாபாரியிடம் பழுக்கவைத்தே வாங்கிவிடுங்கள், நீங்களாக முயற்சி செய்ய வேண்டாம்.

வெள்ளரிக்காய், கத்தரிக்காய், கீரை காரணமில்லாமல் மஞ்சளடித்தாலும் இந்தப் பழங்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மாம்பழம், பப்பாளி, வாழை பக்கத்தில் பச்சைக்காய் வைக்காதீர்கள்.

## அறிகுறி: உள்ளி அழுகுகிறது, உருளை முளைக்கிறது

உள்ளியும் (சின்ன வெங்காயம்) பல்லாரியும் (பெரிய வெங்காயம்) கேட்பது காற்று ஒன்றுதான். கீரைக்கு ஆகாத ஃபேன் இதற்கு நல்லது. மூடைக்கு நடுவில் கையை விட்டால் ஈரமாக இருந்தால், அல்லது கெட்ட வாடை வந்தால், அன்றைக்கே கொட்டிப் பொறுக்கிவிடுங்கள். தரையில் நேராக வைக்காமல் பலகையோ செங்கலோ போட்டு உயர்த்தி, வலைச்சாக்கில் வையுங்கள். ஈர உள்ளியை விலை குறைவு என்று எடுத்தால் காயவைக்க இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த விலைக்குறைவு உங்களுக்கு இல்லை.

உருளைக்கிழங்குக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறிய கிழங்கு கசக்கும், விஷத்தன்மையும் உண்டு, அதைப் பொறுக்கித் தனியாக வைத்துக் குறைந்த விலைக்குக் கொடுப்பதெல்லாம் கூடாது, குப்பைக்குத்தான். உருளையையும் பல்லாரியையும் ஒரே பலகையில் சேர்த்து வைக்காதீர்கள், உருளை விடுகிற ஈரத்தில் பல்லாரி அழுகும்.

சிறுகிழங்கும் பனங்கிழங்கும் தனிக் கதை. பொங்கலுக்கு முந்தின மூன்று நாள் எவ்வளவு கொண்டுவந்தாலும் போகும், பொங்கல் மறுநாள் கேட்க ஆளிருக்காது. போன வருஷம் எத்தனை கிலோ விற்றது என்று எழுதி வைத்திருந்தால் அதுதான் அளவு, எழுதி வைக்காதவர்கள் இந்த வருஷம் எழுதுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குத் தடியங்காய் (வெண்பூசணி), வாழைக்காய் எடுக்கிறவர்களுக்கும் இதேதான்.

## அறிகுறி: பால் திரிகிறது, மாவு பொங்கி வழிகிறது

இங்கேதான் ஃப்ரிட்ஜை நேராகக் குறை சொல்ல ஆரம்பிப்போம். கொஞ்சம் பொறுங்கள்.

வெளியே எவ்வளவு நேரம் கிடந்தது? லைன் வண்டி நாலரைக்குப் பால் டப்பாவை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது, கடை திறப்பது ஆறு மணிக்கு. அந்த ஒன்றரை மணி நேரம்தான் பாலைத் திரியவைக்கிறது, ஃப்ரிட்ஜ் பாவம் என்ன செய்யும்? வண்டி வரும்போது வாங்கி உள்ளே வைக்க ஆள் வையுங்கள், அல்லது நேரத்தை மாற்றச் சொல்லுங்கள்.

புதுப் பாக்கெட்டை முன்னால் வைக்கிறீர்களா? நேற்றையது பின்னால் தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு மூலையில் கிடக்கும். ராத்திரி அடைக்கும் முன் பழசை முன்னால் இழுத்து வைத்துவிட்டுப் போனால் காலை அவசரத்தில் தப்பு வராது.

உள்ளே குளிர்ச்சி எவ்வளவு? பெட்டிக்கு முன்னால் எரிகிற டிகிரி இலக்கத்தை நம்பாதீர்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்து, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் கதவைத் திறந்தவுடன் பாருங்கள். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தால் பெட்டி சரி. அதற்கு மேலே இருந்தால் இந்த வரிசையில் போங்கள்:

- தட்டுகளில் அட்டைப்பெட்டியோடு அடைத்து வைத்திருக்கிறீர்களா? காற்று சுற்ற இடம் விடுங்கள்.
- பெட்டியின் முதுகு சுவரில் ஒட்டியிருக்கிறதா? அரை அடியாவது இழுத்துப் போடுங்கள்.
- பின்னாலோ அடியிலோ இருக்கிற கம்பி வலையில் தூசி படிந்திருக்கிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரஷ்ஷால் தட்டுங்கள். மாவு மில், மிளகாய்ப்பொடி வியாபாரம் பக்கத்தில் இருந்தால் மாதம் ஒரு தடவை அடைத்துக்கொள்ளும்.
- கதவு ரப்பர். ஒரு பில் தாளைக் கதவுக்கு நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வர வேண்டும். நழுவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. நாலு பக்கமும் பாருங்கள், கீழ் மூலைதான் முதலில் விடும். முதலில் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள், பிறகு மாற்றுங்கள்.
- உள்ளே பனிக்கட்டி விரல் தடிமனுக்கு ஏறியிருந்தால் ஒரு ராத்திரி அணைத்துக் கரையவிடுங்கள். கத்தியால் குத்தி எடுக்காதீர்கள். குழாய் ஓட்டையானால் வாயு போய்விடும்.
- சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மட்டும் குளிர் குறைகிறதா? வோல்டேஜ். அந்த நேரத்தில் ஸ்டெபிலைசர் மீட்டரைப் பாருங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம்: மேலே சொன்ன எல்லாம் செய்த பிறகும் தெர்மாமீட்டர் இறங்கவில்லை, கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, அல்லது டக் டக் என்று கிளம்பிக் கிளம்பி நிற்கிறது, பெட்டியைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. ஷாக் என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வருகிறவர் நேராக "வாயு தீர்ந்துபோச்சு" என்றால் எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். கசிவை அடைக்காமல் வாயு மட்டும் ஏற்றினால் இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே செலவு.

இட்லி மாவுக்கு ஒரு வார்த்தை: அரைத்துப் புளித்த மாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் புளிப்பு நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். பாக்கெட்டில் அரைத்த நேரத்தையும் எழுதுங்கள், தேதியை மட்டும் எழுதினால் போதாது.

## அறிகுறி: அரிசி, பருப்பில் வண்டு

சாக்கைத் தட்டினால் மாவாக உதிர்கிறதா, பருப்பில் ஊசி குத்தினது போல ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூடையில் மட்டும் என்றால் அது வரும்போதே கொண்டுவந்தது; தனியாக வெளியே எடுத்து, கொடுத்தவரிடம் திருப்பிவிடுங்கள். எல்லா மூடையிலும் என்றால் உங்கள் கிட்டங்கியில் (சரக்கு அடுக்கி வைக்கிற அறையில்) குடியிருக்கிறது.

நல்ல வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்துச் சலித்து, ஆறின பிறகு மூடி போட்ட டிரம்மில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வசம்புத் துண்டும் வத்தலும் வேப்பிலையும் புதுசாக வருகிற வண்டை ஓரளவு தடுக்கும், ஏற்கெனவே தானிய மணிக்குள் இருக்கிற முட்டையை ஒன்றும் செய்யாது. முட்டை வண்டாகிறதுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், அதனால் இன்றைக்குச் சலித்த பருப்பில் மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், இன்னொரு தடவை காயவையுங்கள். மூலையில் சிந்திக் கிடக்கிற பழைய அரிசியையும் சாக்குத் தையலையும் சுத்தம் செய்யாமல் விட்டால் இது முடியவே முடியாது.

மாத்திரை போடலாமா என்று கேட்பார்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வருகிற வாயு ஆளைக் கொல்லும். கடைக்குப் பின்னாலோ மாடியிலோ குடும்பம் தூங்குகிற நம்ம ஊர்க் கடைகளில் அதைக் கையால் தொடவே கூடாது. கிட்டங்கி முழுக்கப் பரவியிருந்தால் உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும்.

பூஞ்சை பிடித்த நிலக்கடலையைப் பொறுக்கி விற்க வேண்டாம். அந்த விஷம் வறுத்தாலும் முழுசாகப் போகாது.

## அறிகுறி: கருப்பட்டி கசிகிறது

மழைக்காலத்தில் கருப்பட்டி காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். கசிய ஆரம்பித்ததைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் இன்னும் மோசம். ஓலைப்பெட்டியில் வைத்து, அடுப்புச்சூடு படுகிற பரண் போல உலர்ந்த இடத்தில் ஏற்றுங்கள். மழை பிடிக்கும் முன்னாலேயே மூன்று மாதச் சரக்கை வாங்கி அடுக்குவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை இருக்காது.

## அறிகுறி: பாக்கெட் சரக்கு தேதி தாண்டிக் கிடக்கிறது

பிஸ்கட், மசாலா, ரொட்டி, நொறுக்குத்தீனி. முன்னால் வந்தது முன்னால் போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் பாக்கெட் சரக்கில் அது போதாது. இன்றைக்கு வந்த பெட்டியில் போன வாரம் வந்ததைவிடப் பழைய தேதி இருக்கும். முன்னால் முடிகிறதுதான் முன்னால் போக வேண்டும். பெட்டி இறக்கும்போதே தேதியைப் பார்த்து, மார்க்கரால் முடிகிற மாதத்தைப் பெரிதாக அட்டை மேல் எழுதுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு பார்த்துப் பலனில்லை, ஏஜென்ட் திருப்பி எடுக்க மாட்டார்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வருகிற சரக்கின் தேதியை இரண்டு தடவை பாருங்கள். தேதி முடிந்ததைத் தனி டப்பாவில் "விற்பனைக்கு அல்ல" என்று எழுதிப் போடுங்கள், அலமாரியில் கிடந்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி கேட்கிற கேள்விக்குப் பதில் இருக்காது. தட்டில் வைத்து உதிரியாக விற்கிற இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பது 2020 அக்டோபரிலிருந்து கட்டாயம், அல்வாவும் அதில் அடங்கும்.

## அறிகுறி: கணக்குப்படி இருக்கிறது, கடையில் இல்லை

முதலில் கழிவு நோட்டைப் பாருங்கள். கழித்துப் போட்டதை எழுதாமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம். அடுத்தது வீட்டுக்கு எடுத்துப் போனது. தெரிந்தவர்களுக்குக் கொடுத்த இரண்டு கத்தரிக்காயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இதில் சேர்த்தி. அதற்குப் பிறகு இயற்கையான எடைக் குறைவு: உள்ளி காயக் காய எடை இறங்கும், கீரையும் காயும் தண்ணீர் விட்டு இறங்கும். ஒரு கூடையை விற்காமல் ஒரு நாள் தனியாக வைத்து, காலையும் ராத்திரியும் எடை போட்டால் உங்கள் கடையில் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும், அதை அடக்க விலையில் சேர்த்துவிடலாம்.

இவை எல்லாம் போகவும் இடித்தால் தராசு. கடை அரிசிப் பாக்கெட் ஒன்றை உங்கள் தராசிலும் பக்கத்துக் கடைத் தராசிலும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் நீங்களே திருகிச் சரிசெய்யக் கூடாது, அரசு முத்திரை உடைந்தால் அபராதம் வரும். மின்னணுத் தராசுக்கு வருஷா வருஷம் மறுமுத்திரை போட வேண்டும். உரிமம் உள்ள பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சரிபார்த்து, முத்திரை போட்டு வாங்குங்கள். தராசும் சரியாக இருந்து, ஒரே பொருள் மட்டும் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால், சந்தையில் உங்களுக்கு எடை போட்டுத் தருகிற இடத்திலேயே குறைகிறது. மூடையை வண்டியில் ஏற்றும் முன் அங்கேயே ஒரு தடவை எடை வைக்கச் சொல்லுங்கள், சாக்கு எடையைக் கழித்து.